இரண்டாம் கூண்டு

நாகமலைப் புதுக்கோட்டையில் இறங்கி
கல்லூரியின் பின்வாசல் வழியாகப் போனால்
முதலில் நாற்றம் வரும்,
பிறகுதான் விலங்கறை.

நான்கு கூண்டு, கூண்டுக்கு ஆறு வெள்ளெலி.
ஒன்றில் நோயில்லாதவை.
இரண்டில் நோய் மட்டும்.
மூன்றில் நோயும் சிறுகுறிஞ்சான் சாறும்.
நான்கில் நோயும் கடை மாத்திரையும்.
நோயைக் கொடுத்தது நான்தான்,
ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த ஸ்ட்ரெப்டோசோடோசினை
வயிற்றில் ஒரே ஊசியாக.
மூன்றாம் நாள் முந்நூறைத் தாண்டிய எலிக்கு
வாலில் நீலக் கோடு, பதிவேட்டில் இடம்.

இலை, அழகர்மலை அடிவாரத்து வேலியில் பறித்தது.
நிழலில் உலர்த்தி, இடித்து,
எத்தனாலில் எட்டு மணி நேரம் சுற்றவிட்டு வற்றவைத்தால்
மூன்று கிலோ இலைக்கு அரை டம்ளர் பசை,
செக்கின் அடியில் தங்கும் கசடு போல.

முத்திருளாண்டிக்கு மீட்டர் தேவையில்லை.
கூண்டுக்கு உமி மாற்றுகிறவர்.
"ரெண்டுக்கு எறும்பு வந்திருச்சு, டாக்டரம்மா" என்பார்
நான் ஸ்ட்ரிப்பைப் பிரிப்பதற்கு முன்பே.
நான் இன்னும் டாக்டர் ஆகவில்லை.
எறும்பு ஒருநாளும் தவறாகச் சொன்னதில்லை.

பன்னிரண்டாம் நாள்
மூன்றாம் கூண்டை விட்டு எறும்பு போயிற்று.
அன்றிரவு விடுதியில் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.
"எறும்பையெல்லாம் ஆய்வேட்டில் எழுதிவிடாதே"
என்றார் பேராசிரியர் ஜெபமணி. சிரித்துக்கொண்டுதான்.

இருபத்தோராம் நாள்
இரண்டிலும் எறும்பு இல்லை.
நானூற்றுப் பன்னிரண்டாக இருந்த எலி
இருநூற்று முப்பது.
எதுவுமே கொடுக்காத எலி.
ஸ்ட்ரிப் டப்பாவின் தேதியைப் பார்த்தேன்.
என் விரலைக் குத்திக்கொண்டேன்: தொண்ணூற்றெட்டு.
மீட்டர் சரி.

குழாயடியில் தண்ணீர்ப் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தவர்
திரும்பாமலே சொன்னார்:
"ராவெல்லாம் அந்த ஆறும்
புட்டிய நக்குற சத்தம்.
அந்தத் தாகம் எனக்குத் தெரியும்.
மத்ததுக்குக் குடுக்குறீக,
அதுக மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?
பாத்திரத்துல ஒட்டிக் கெடந்ததத்தான் கரைச்சு ஊத்துனேன்."
குழாயை மூடிவிட்டு,
"நானும் குடிச்சேன்."

கோபப்பட வேண்டிய இடத்தில்
"உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்டேன்.
கையைத் துடைத்து நீட்டினார்.
காய்ப்பேறிய விரல்,
மூன்றாவது குத்தலில்தான் ரத்தம் வந்தது.
முந்நூற்றுப் பதினாறு.
மாத்திரையை நிறுத்தி மூன்று வாரமாம்.
"எலிக்கு இறங்குது" என்றார்,
யாரையும் குறை சொல்லாத குரலில்.

பதிவேட்டின் குறுக்கே சிவப்புக் கோடு.
குழு இரண்டு, செல்லாது.
காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
இரக்கம் என்று எழுதினால் யாரும் ஒப்பமாட்டார்கள்.
பணியாளர் பிழை என்றால் அவருக்கு வேலை போகும்.
தண்ணீரில் கலப்பு, என்று எழுதினேன்.
யார் கலந்தது என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை;
இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று
இன்னும் தெரியவில்லை.

புதன்கிழமை புது எலிகள் வருகின்றன.
இரண்டாம் கூண்டுக்குப் பூட்டு வாங்கியிருக்கிறேன்.
அவர் சாவியைக் கேட்கவில்லை.

சனிக்கிழமை பெரியாஸ்பத்திரி, சர்க்கரை வரிசை.
டோக்கன் நூற்று நாற்பத்தேழு.
எதிர்க் கடையில் டீ சொன்னோம்,
எனக்குச் சர்க்கரை தூக்கலாக, அவருக்கு இல்லாமல்.
சட்டைப் பையிலிருந்து இரண்டு இலை எடுத்தார்,
ஒன்றை என்னிடம் நீட்டினார்.
இத்தனை மாதம் அரைத்தும்
நான் ஒருமுறைகூட மென்றதில்லை.
கசப்பு அடங்கிய பின் குடித்துப் பார்த்தால்
வெறும் சூடு. பால் வாசனை.
அவருடையதும் இப்படித்தான் இருக்கும்.

பேச்சில் டம்ளர்களை ஒரே பெஞ்சில் வைத்துவிட்டோம்,
எது யாருடையதென்று இருவருக்கும் குழப்பம்.
விளிம்பில் ஊர்ந்துவந்த ஓர் எறும்பு
தயங்காமல்
என்னுடையதற்குப் போயிற்று.